ஆங்கில ரீஜெண்ட்ஸில் 58: ஜூன் தேர்வுக்குப் பையனை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: கோவில்பட்டி அம்மா, குயின்ஸ்
மார்ச் 4

எல்லோருக்கும் வணக்கம். நியூயார்க்கில் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்களும் ஆசிரியர்களும் இங்கே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. என் அக்கா மனுப் போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து, போன வருஷத்துக்கு முந்தின ஆகஸ்டில் குடும்பத்தோடு இங்கே வந்தோம். மகன் ஊரில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிவிட்டு வந்தவன். ஆங்கிலத்தில் 94. இங்கே மறுபடியும் பத்தில்தான் சேர்த்தார்கள். இப்போது பதினொன்று படிக்கிறான்.

ஜனவரியில் ஆங்கில ரீஜெண்ட்ஸ் (உயர்நிலைப் பள்ளி முடிக்க இந்த மாநிலம் வைக்கும் பொதுத்தேர்வு) எழுதினான். 58 வந்தது. தேறுவதற்கு 65 வேண்டும். அன்று மாலை அவன் எதுவும் பேசவில்லை. அலமாரியில் இருந்து ஊர் மார்க் ஷீட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடியும் அதே கவரில் போட்டு வைத்தான். அதைப் பார்த்த பிறகு எனக்கு இரண்டு நாள் வேலையில் மனசே போகவில்லை.

வகுப்பு ஆசிரியையிடம் கேட்டதற்கு மார்க்கைப் பிரித்து எழுதிக் கொடுத்தார். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் 24-க்கு 15. வாதக் கட்டுரையில் 6-க்கு 2. கடைசிப் பகுதியில் 4-க்கு 2.

இலக்கணத்தில் அவனுக்குக் குறை இல்லை. ஆக்டிவ்-பாஸிவ், டைரக்ட்-இன்டைரக்ட் எதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கையெழுத்தும் முத்து முத்தாக இருக்கும். பிறகு எங்கே போகிறது மார்க்? ஒரு டியூஷன் சென்டரில் 900 டாலர் கட்டிச் சேர்த்தோம். நாலு வாரமும் வாரத்துக்கு 50 புதுச் சொல் கொடுத்து ஒப்பிக்கச் சொன்னார்கள். நாலு வாரத்தில் ஒரு கட்டுரைகூட எழுத வைக்கவில்லை. நிறுத்திவிட்டோம்.

இப்போது அவனாகவே நெட்டில் இருந்து மூன்று மாதிரிக் கட்டுரைகளை பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு மேல் சமையலறையில் அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் நடந்து நடந்து மனப்பாடம் செய்கிறான், ஊரில் பொதுத்தேர்வுக்குச் செய்த மாதிரியே. உழைக்கிறான். அந்த உழைப்பு சரியான இடத்துக்குப் போகிறதா என்பதுதான் என் கவலை. எனக்கு ஆங்கிலம் கடையில், வேலையில் சமாளிக்கிற அளவுதான். அவனுக்கு நான் என்ன செய்ய முடியும்?


பதில்: ஹிக்ஸ்வில் அப்பா
மார்ச் 4

சகோதரி, முதலில் ஒன்று சொல்கிறேன். இந்தத் தேர்வு ஜனவரி, ஜூன், ஆகஸ்ட் என்று வருஷத்துக்கு மூன்று முறை வருகிறது. பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பையனுக்கு இன்னும் நிறைய வாய்ப்பு இருக்கிறது. என் தங்கை மகள் ஆகஸ்டில்தான் தேறினாள்.

பள்ளியில் ஒரு விஷயத்தைக் கேளுங்கள். நீங்கள் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி பற்றி ஒரு படிவம் நிரப்பியிருப்பீர்கள். அதன் பிறகு ஒரு தேர்வு வைத்து, ஆங்கிலம் புதிதாகக் கற்கும் மாணவர் என்று பதிவு செய்திருப்பார்கள். அந்தப் பதிவு இருந்தால் ரீஜெண்ட்ஸுக்கு ஒன்றரை மடங்கு நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு நாலரை மணி நேரமாகிவிடும். தனி அறையும் கேட்கலாம். ஜனவரியில் இதெல்லாம் கிடைத்ததா?


கோவில்பட்டி அம்மா
மார்ச் 5

அண்ணா, நன்றி. நேற்று ராத்திரி அவனிடம் கேட்டேன். பதிவு இருக்கிறதாம். பள்ளியில் கூடுதல் நேரம் தருவதாகச் சொல்லியும் இவன்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். தனி அறைக்குப் போனால் கூடப் படிப்பவர்கள் பார்ப்பார்களாம். எனக்கு இத்தனை நாள் தெரியாது. கட்டுரையின் கடைசிப் பத்தியை எழுதி முடிக்காமலே கொடுத்திருக்கிறான் என்பதும் இப்போதுதான் வெளியே வருகிறது.


பதில்: இ.என்.எல். மிஸ்
மார்ச் 6

அம்மா, நான் குயின்ஸில் ஒரு பொதுப் பள்ளியில் 17 வருஷமாக ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு (இங்கே அந்தப் பாடத்தை இ.என்.எல். என்பார்கள்) பாடம் எடுக்கிறேன். பிறந்து வளர்ந்தது மதுரை. ஜூன் மாதத்தில் ரீஜெண்ட்ஸ் தாள் திருத்தவும் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மகனைப் போல ஊரில் 90-க்கு மேல் வாங்கிவிட்டு வந்து இங்கே 50-களில் நிற்கும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனப்பாடத்தை இன்று இரவே நிறுத்தச் சொல்லுங்கள். நேரம் வீணாகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, அதனால் மார்க்கே குறையும். வாதக் கட்டுரைக்கு நாலு டெக்ஸ்ட் (முதலில் படிக்க வேண்டிய சிறு கட்டுரைகள்) கொடுக்கிறார்கள். அவற்றில் குறைந்தது மூன்றில் இருந்து சான்று எடுத்து, எந்த டெக்ஸ்ட், எந்த வரி என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். கொடுத்ததைத் தொடாமல் சொந்தக் கருத்தாக எழுதினால், ஆங்கிலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் 6-க்கு 1-க்கு மேல் போடக்கூடாது என்று திருத்தும் வழிகாட்டியிலேயே இருக்கிறது. மூன்றுக்குக் குறைவான டெக்ஸ்டை எடுத்தால் 3-க்கு மேல் கிடையாது. டெக்ஸ்டை முழுக்க அப்படியே பார்த்து எழுதினால் 0. மனப்பாடம் செய்த கட்டுரை இதில் எந்தக் கட்டத்தில் விழும் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து, மார்க் எப்படிக் கூடுகிறது என்பது. முதல் பகுதியில் 24 கேள்வி, ஒன்றுக்கு ஒன்று, ஆக 24. வாதக் கட்டுரைக்கு வாங்கும் மார்க்கை நாலால் பெருக்குவார்கள். 6 வாங்கினால் அதுவும் 24. கடைசிப் பகுதியை இரண்டால் பெருக்குவார்கள், 4 வாங்கினால் 8. மொத்தம் 56. அதை ஒரு அட்டவணையில் வைத்துத்தான் நூற்றுக்கு இவ்வளவு என்று மாற்றுகிறார்கள். உங்கள் மகன் வாங்கியது 15, 8, 4. கூட்டினால் 27. நாலு வாரம் சொல் ஒப்பித்ததன் பலனாக முதல் பகுதியில் கூடுதலாக மூன்று விடை சரியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடுவது மூன்று. கட்டுரை 2-ல் இருந்து 4 ஆனால் கூடுவது எட்டு. மூன்று மாதத்தை எங்கே செலவழிக்க வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது.

அவன் ஏன் 2 வாங்கினான் என்று அவன் தாளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதுவதில் ஒரு பொதுவான போக்கு இருக்கிறது. வகுப்பில் நான் பயிற்சிக்குத் தரும் ஒரு தலைப்பு: வாடிக்கையாளர் என்ன வாங்குகிறார் என்பதைக் கடைகள் கண்காணிக்கலாமா, கூடாதா? திருச்சியில் இருந்து வந்த ஒரு மாணவி இப்படித் தொடங்கினாள்: "இன்றைய நவீன உலகில் தொழில்நுட்பம் வேகமாக வளர்ந்து வருகிறது. ஒவ்வொரு நாணயத்துக்கும் இரண்டு பக்கம் உண்டு. தனிமனித சுதந்திரம் மிக முக்கியமானது." ஒரு பிழை இல்லை. இந்த மூன்று வாக்கியத்தை செல்போன் பற்றிய கட்டுரையிலும் போடலாம், விண்வெளி பற்றிய கட்டுரையிலும் போடலாம். நாலு டெக்ஸ்டையும் படித்துவிட்டுத்தான் இதை எழுதினாள் என்பதற்கு அதில் ஒரு தடயம்கூட இல்லை.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "எந்த வரியில்?" சுதந்திரம் முக்கியம் என்றாயே, அதை யார், எந்த வரியில் சொல்கிறார்கள்? தேடினாள். மூன்றாவது டெக்ஸ்டில் 22-ஆவது வரியில், ஒரு கடை தன்னிடம் வாங்குபவர்களின் பட்டியலை வேறொரு நிறுவனத்துக்கு விற்ற விஷயம் இருந்தது. சரி, அதை எழுது என்றேன். எழுதினாள். அடுத்து, "அதனால் என்ன?" என்று கேட்டேன். பேனாவைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் யோசித்தாள். பிறகு எழுதியது இது: "தள்ளுபடி அட்டை கேட்டவர் தன் பெயரையும் முகவரியையும் நம்பிக் கொடுத்தது அந்த ஒரு கடைக்கு. கடை அதை இன்னொருவருக்கு விற்றபோது அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே இங்கே பறிபோனது சம்மதம்." சுதந்திரம் என்ற பெரிய சொல் போய், சம்மதம் என்ற சரியான சொல் வந்து உட்கார்ந்தது. அந்த வாக்கியத்தில் ஒரு ஆங்கிலப் பிழைகூட இருந்தது. இருக்கட்டும். இலக்கணத்துக்கும் திருத்தும் அளவுகோலில் இடம் உண்டு, ஆனால் நாலில் ஒரு பங்குதான். கருத்தும் அலசலும், சான்றைக் கையாளும் விதம், ஒழுங்கும் நடையும் ஆகியவை மற்ற மூன்று.

இங்கே ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நாம் படித்தபோது பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால், விடை இருக்கும் வரியைக் கண்டுபிடித்து அப்படியே எழுதினால் முழு மார்க். அந்தப் பழக்கத்தில் வரி கிடைத்ததும் நம் பிள்ளை நிறுத்திவிடுகிறான். இங்கே வரி கிடைத்த இடத்தில்தான் அவன் வேலை ஆரம்பிக்கிறது.

எதிர்க்கருத்தையும் எழுதச் சொல்கிறார்கள். இதில் நம் பிள்ளைகள் இரண்டு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள். சிலர் எதிர்த்தரப்பைத் தொடவே மாட்டார்கள். சிலர் இரண்டு பக்கத்தையும் சமமாக எழுதிவிட்டு, கடைசியில் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் முடித்துவிடுவார்கள். நான் பட்டிமன்றத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். நல்ல பேச்சாளர் எதிரணி சொன்னதை முதலில் நேர்மையாக எடுத்துச் சொல்வார், அதில் உள்ள நியாயத்தையும் ஒப்புக்கொள்வார், பிறகுதான் அது எங்கே நிற்காமல் போகிறது என்று காட்டுவார். கட்டுரையில் ஒரு பத்தி அப்படி இருந்தால் போதும்.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன். இது நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று, தெரியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியாது. ஒரு பகுதியைக் கொடுத்து, அதன் மையக்கருத்து என்ன, ஆசிரியர் பயன்படுத்தும் ஒரு உத்தி அந்தக் கருத்தை எப்படி வளர்க்கிறது என்று இரண்டு மூன்று பத்தியில் எழுதச் சொல்கிறார்கள். தமிழ்த் தேர்வில் "நயம் பாராட்டுக" என்று வருமே, மையக்கருத்து, எதுகை, மோனை, அணி என்று எழுதுவோமே, அதற்குச் சொந்தக்காரக் கேள்வி இது. இதைச் சொன்னதும் ஊரில் இருந்து வந்த பிள்ளைகளின் முகம் மலர்வதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

வித்தியாசம் ஒன்றுதான். அங்கே தலைப்புப் போட்டு எல்லா நயத்தையும் அடுக்குவோம். இங்கே ஒன்றே ஒன்றை எடுத்து ஆழமாகப் போக வேண்டும். வகுப்பில் நானே எழுதிக் கொடுத்த ஒரு பத்தி உண்டு. வயதான தையல்காரர் ஒருவர் தன் பழைய மெஷினை விற்க மறுக்கிறார். மெஷின் ஓடும் சத்தம் இருமல் போல இருந்தது என்று ஒரு வரி. "ஆசிரியர் உவமையைப் பயன்படுத்தியுள்ளார், அது படிப்பவர் மனதைக் கவர்கிறது" என்று எழுதினால் மார்க் ஏறாது. இருமுவது யார்? இரண்டு வரி முன்னால் அவரே இருமிக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறார். மெஷின் பழசாகிவிட்டது என்று மகன் சொல்லும்போது அவருக்கு ஏன் கோபம் வருகிறது? இதை இணைத்து எழுதினால், உவமை மையக்கருத்தைச் சுமந்துகொண்டு வந்து நிற்கிறது. உவமை என்று இல்லை, நோக்குநிலை, குறியீடு, சொல்லும் தொனி எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

முதல் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கதைப் பகுதி, ஒரு கவிதை, ஒரு தகவல் கட்டுரை. பிள்ளைகள் தவறவிடுவது பெரும்பாலும் சொல் தெரியாததால் இல்லை. நாலு விடையில் ஒன்று பொதுவாக உலகத்தில் உண்மையாக இருக்கும். இன்னொன்று அந்த வரிகளுக்கு மட்டும் உண்மையாக இருக்கும். படித்த பிள்ளைகள் முதலாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கேயும் அதே கேள்விதான் மருந்து: எந்த வரியில்?

பயிற்சிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் வினாத்தாளையும் திருத்தும் வழிகாட்டியையும் மாநிலக் கல்வித் துறை தன் இணையதளத்தில் போடுகிறது. அந்த வழிகாட்டியில் உண்மையான மாணவர்களின் கட்டுரைகள், 6 வாங்கியது, 5 வாங்கியது என்று வரிசையாக, ஏன் அந்த மார்க் என்ற விளக்கத்தோடு இருக்கின்றன. இதைவிட நல்ல டியூஷன் எனக்குத் தெரியாது. ஒன்றைக் கவனியுங்கள். நான் மேலே சொன்ன வடிவம் 2014 ஜூனில் தொடங்கியது. காதால் கேட்டு விடை எழுதும் பகுதி உள்ள தாள் கையில் வந்தால் அது பழைய முறை, அதை ஒதுக்கிவிடுங்கள்.

நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டீர்கள். நிறைய. ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய தாளின் நாலு டெக்ஸ்டை அவன் படிக்கட்டும். பிறகு ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். நீங்கள் கையில் என்ன வேலை இருந்தாலும் செய்துகொண்டே கேளுங்கள். அவன் ஏதாவது அடித்துச் சொல்லும்போது "எந்த வரியிலப்பா?" என்று மட்டும் கேளுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல முடியாத ஒன்றை அவனால் ஆங்கிலத்தில் தெளிவாக எழுத முடியாது. புரிந்ததா இல்லையா என்பது உங்களுக்குத் தமிழிலேயே தெரிந்துவிடும்.

தனி அறை விஷயத்தில் அவனோடு அன்பாகப் பேசுங்கள். கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டாவது மொழியில் படிப்பவனுக்கு நாலு டெக்ஸ்டைப் படிப்பதற்கே மற்றவர்களைவிட அதிக நேரம் ஆகும். அந்த நேரத்தைத்தான் மாநிலம் கொடுக்கிறது. அது அவனுக்குச் சேர வேண்டியது.


பதில்: லாகார்டியா கல்லூரி மாணவி
மார்ச் 7

வணக்கம் அன்ரி. நான் வவுனியாவில் ஓ.எல். சோதனை (இலங்கையில் பள்ளிப் பொதுத்தேர்வு) எழுதிவிட்டு 16 வயதில் இங்கே வந்தவள். ஆங்கில ரீஜெண்ட்ஸ் எனக்கு முதல் தரம் 52, இரண்டாம் தரம் 61, மூன்றாம் தரம் 71. பெறுபேறு வரும் ஒவ்வொரு தரமும் அழுதிருக்கிறேன். தம்பியிடம் இதைச் சொல்லுங்கோ.

மிஸ் சொன்ன மாதிரிக் கட்டுரைகளை நான் பயன்படுத்திய விதத்தைச் சொல்கிறேன். மார்க் தெரியாமல் மேல்பகுதியை மடித்து வைத்துவிட்டுக் கட்டுரையை மட்டும் வாசிப்பேன். இது எத்தனை மார்க் கட்டுரை என்று நானே ஒரு எண் போட்டு, ஏன் என்று இரண்டு வரி எழுதுவேன். பிறகு திறந்து பார்ப்பேன். முதல் கிழமை எல்லாமே பிழைத்தது. பெரிய சொல் போட்டு எழுதியதற்கெல்லாம் நான் 5 போட்டிருந்தேன், அவர்கள் 3 போட்டிருந்தார்கள். மூன்றாவது கிழமை அளவில் என் எண்ணும் அவர்களின் எண்ணும் கிட்ட வந்தது. அதற்குப் பிறகுதான் என் சொந்தக் கட்டுரையில் எங்கே ஓட்டை என்று எனக்குக் கண்ணில் பட்டது.

இன்னொன்று. வாசிக்கும்போதே ஒவ்வொரு டெக்ஸ்டின் பக்கத்திலும் "ஓம்" அல்லது "இல்லை" என்று எழுதுவேன், அந்த ஆசிரியர் எந்தப் பக்கம் என்று. தமிழில்தான் எழுதுவேன். வினாத்தாளில் பென்சிலால் எழுதுவதை யாரும் தடுக்கவில்லை.

தனி அறையில் நாங்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட நேரம் இருக்கவில்லை.


கோவில்பட்டி அம்மா
மார்ச் 16

டீச்சர், ஹிக்ஸ்வில் அண்ணா, வவுனியா மகளே, மூன்று பேருக்கும் என் நன்றி. மிஸ் எழுதியதை அவனிடம் படித்துக் காட்டினேன். 15, 8, 4 என்று மார்க்கைப் பிரித்த இடத்தில் போனை வாங்கி அவனே இரண்டு முறை படித்தான். அந்த மூன்று பிரிண்ட் தாளையும் அன்றே குப்பையில் போட்டுவிட்டான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதல் மூன்று டெக்ஸ்டையும் நன்றாகச் சொன்னான். நாலாவதைச் சொல்லும்போது, "இவரும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்" என்றான். எந்த வரியிலப்பா என்று கேட்டேன். எடுத்துப் படித்து அர்த்தம் சொன்னான். சரிதான், அந்த வரியில் அப்படித்தான் இருந்தது. அடுத்த பத்தியையும் கொஞ்சம் சொல்லேன் என்றேன். படித்துக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். அடுத்த பத்தி "ஆனால்" என்று தொடங்குகிறதாம். மேலே இருந்தது மற்றவர்கள் சொல்வது. ஆசிரியர் தன் கருத்தை அதற்குக் கீழேதான் சொல்கிறார், அதுவும் நேர் எதிராக. "அம்மா, ஜனவரியில் இப்படித்தான் ஒன்றைத் தலைகீழாகப் புரிந்து எழுதிவிட்டேன் போல" என்றான். அதன் பிறகு முக்கால் மணி நேரம் தலை நிமிராமல் எழுதினான். எழுதியதில் டெக்ஸ்ட் எண், வரி எண் எல்லாம் போட்டிருக்கிறான். நன்றாக இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் "இன்றைய நவீன உலகில்" இல்லை, பார்த்துவிட்டேன்.

இன்று காலை பள்ளிக்குப் போய்ப் பேசினேன். ஜூனுக்குக் கூடுதல் நேரமும் தனி அறையும் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். அவனும் சரி என்றுவிட்டான். பன்னிரண்டு பேர் இருந்த கதையைக் கேட்ட பிறகுதான். ஒரு சந்தேகம். தமிழ் அகராதி கொண்டுபோகலாமா? எங்களிடம் ஊரில் இருந்து கொண்டுவந்த பெரிய ஆங்கிலம்-தமிழ் அகராதி இருக்கிறது.


பதில்: இ.என்.எல். மிஸ்
மார்ச் 16

அம்மா, "ஆனால்" தொடங்கும் இடத்தை அவனே கண்டுபிடித்தான் பாருங்கள், அதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எதிர்த்தரப்பை முதலில் சொல்லிவிட்டு மறுக்கும் கட்டுரைகள் இந்தத் தேர்வில் நிறைய வரும். இனி ஒவ்வொரு டெக்ஸ்டிலும் அந்தச் சொல்லை வட்டம் போடச் சொல்லுங்கள்.

அகராதி விஷயம்: ஒரு சொல்லுக்கு நேர்ச் சொல் மட்டும் தரும் அகராதிதான் அனுமதி. விளக்கம், எடுத்துக்காட்டு வாக்கியம் உள்ளதைக் கொண்டுபோக முடியாது. உங்களிடம் இருப்பது பெரிய அகராதி என்றால் விளக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை இப்போதே பள்ளியில் காட்டிக் கேளுங்கள். ஆகாது என்றால், சொல்லுக்குச் சொல் தரும் சின்னப் புத்தகம் ஒன்றைத் தேடி வாங்கி, ஏப்ரல் முதல் அதை வைத்தே பயிற்சி எழுதட்டும். தேர்வு அன்றைக்குப் புதிதாகப் புரட்டினால் நேரம்தான் போகும். செல்போனைத் தேர்வு அறையில் அறவே அனுமதிக்க மாட்டார்கள். போனில் அர்த்தம் பார்த்துப் பழகியிருந்தால் அதையும் இப்போதே விடச் சொல்லுங்கள்.

நேற்று எழுதிய கட்டுரையைப் பெயர் இல்லாமல் போட்டோ எடுத்துத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். வியாழக்கிழமை மாலை எனக்கு வகுப்பு இல்லை, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.